கேள்வி கேட்ட கிழவர்

கி.மு. 399ஆம் ஆண்டு.

கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரம். அங்குள்ள கோர்ட்டில் அன்று பெருங்கூட்டம்.

குற்றம் சாட்டப்பட்டு நின்றவர் எழுபது வயதுக் கிழவர். காலில் செருப்பு இல்லை. உடம்பில் ஒரு பழைய மேலாடை. ஆனால் முகத்தில் அச்சம் என்பதே இல்லை.

அவர் திருடவில்லை. கொலை செய்யவில்லை. கண்டவர்களிடம் எல்லாம் கேள்வி கேட்டார். அவ்வளவுதான்.

அதற்காக அவருக்கு மரண தண்டனை கொடுக்கவேண்டும் என்று மூன்று பேர் வழக்குத் தொடர்ந்தார்கள்.

அந்தக் கிழவரின் பெயர் சாக்ரடீஸ்.

உயிர் பிழைக்க அவருக்குப் பல வழிகள் திறந்தே இருந்தன. அவர் ஒன்றில்கூட நுழையவில்லை. ஏன்? அதுதான் சாக்ரடீசின் கதை.

கல் தச்சர் மகன்

சாக்ரடீஸ் கி.மு. 470ஆம் ஆண்டு வாக்கில் ஏதென்சில் பிறந்தார்.

தந்தை பெயர் சோப்ரோனிஸ்கஸ். கல்லைச் செதுக்குவது அவர் தொழில். தாயார் பெயர் பைனரெட்டி. அந்த அம்மாள் மருத்துவச்சி. ஊரில் பிரசவம் பார்ப்பவர்.

தம் தாயாரின் தொழிலைத்தான் தாமும் செய்வதாகச் சாக்ரடீஸ் பின்னாளில் வேடிக்கையாகச் சொல்லுவார்.

மருத்துவச்சி குழந்தையைக் கொண்டுவந்து கொடுப்பதில்லை. வயிற்றில் இருக்கும் குழந்தை நல்லபடியாக வெளியே வர உதவி செய்கிறாள். அதுபோல, பிறர் மனதில் இருக்கும் எண்ணத்தை வெளியே கொண்டுவரத் தாம் உதவி செய்வதாக அவர் விளக்குவார். அதற்கு அவர் வைத்திருந்த கருவிதான் கேள்வி.

சாக்ரடீஸ் அழகர் அல்லர். சப்பை மூக்கு. பிதுங்கிய கண்கள். பருத்த வயிறு. கோடையிலும் குளிரிலும் ஒரே மேலாடைதான் உடுத்துவார். செருப்புப் போடமாட்டார்.

கடைத்தெருவில் பொருள்கள் மலைபோல் குவிந்திருக்கும். அவற்றைப் பார்த்து, தமக்குத் தேவைப்படாத பொருள்கள் இத்தனை இருக்கின்றனவே என்று அவர் வியப்பாராம்.

போர் வீரர்

அவர் பேச்சு மட்டும் அறிந்தவர் என்று நினைக்கவேண்டாம். அவர் போர்க்களம் கண்டவர்.

பொட்டிடியா, டீலியம், ஆம்பிபோலிஸ் ஆகிய மூன்று இடங்களில் அவர் ஏதென்சுக்காகப் போர் செய்தார்.

பொட்டிடியாவில் கடுங்குளிர். மற்ற வீரர்கள் காலில் கம்பளியைச் சுற்றிக்கொண்டார்கள். சாக்ரடீஸ் வெறுங்காலோடு பனிக்கட்டியின்மேல் நடந்தார்.

அந்தப் போரில் ஆல்சிபியாடிஸ் என்ற வாலிபன் காயம் அடைந்து விழுந்தான். அவன் செல்வக் குடும்பத்துப் பிள்ளை. சாக்ரடீஸ் அவனை விட்டு நகரவில்லை. அவனையும் அவன் ஆயுதங்களையும் காப்பாற்றினார். வீரப் பரிசு சாக்ரடீசுக்குக் கிடைத்திருக்க வேண்டும். அந்த வாலிபனுக்கே கொடுக்கும்படி அவர் சொல்லிவிட்டார்.

கி.மு. 424இல் டீலியத்தில் ஏதென்ஸ் படை தோற்று ஓடியது. அந்த ஓட்டத்திலும் சாக்ரடீஸ் பதறவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தபடி நிதானமாக நடந்து வந்தார். அவர் வந்த தோரணையைப் பார்த்து எதிரிகள் கிட்டே நெருங்கவில்லை.

மனைவி மக்கள்

அவருடைய மனைவி பெயர் சாந்திப்பி. மூன்று ஆண் குழந்தைகள்.

சாந்திப்பி கோபக்காரி என்று பெயர் எடுத்தவள். அவளைப்பற்றி ஒரு கதை சொல்வார்கள்.

ஒரு நாள் சாந்திப்பி கணவரை வாய் ஓயாமல் திட்டினாள். அவர் பேசாமல் இருந்தார். கோபம் தாங்காமல் தண்ணீரை எடுத்து அவர்மேல் கொட்டிவிட்டாள். இடி இடித்தபிறகு மழை பெய்வது இயற்கைதானே என்று சாக்ரடீஸ் சிரித்தாராம்!

இந்தக் கதையைக் கேட்பவர்கள் சாக்ரடீசின் பொறுமையைப் புகழ்வார்கள். ஆனால் சாந்திப்பியின் பக்கத்தையும் பார்க்கவேண்டும்.

அந்தக் காலத்தில் ஏதென்சில் வாலிபர்களுக்குப் பேச்சுக் கலை கற்றுக்கொடுத்து ஏராளமான பணம் சம்பாதித்தவர்கள் இருந்தார்கள். சாக்ரடீஸ் ஒருவரிடமும் காசு வாங்கவில்லை. காலையில் வெளியே போவார். நாள் முழுவதும் பேசிக்கொண்டிருப்பார். வெறுங்கையோடு வீட்டுக்கு வருவார்.

மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அடுப்பை எரியவைத்தவள் சாந்திப்பிதான்!

கோவில் வாக்கு

சாக்ரடீசுக்குக் கெரிபோன் என்று ஒரு நண்பர். அவர் டெல்பி என்ற ஊருக்குப் போனார். அங்கே அப்பல்லோ என்ற தெய்வத்தின் கோவில் இருந்தது. அந்தக் கோவிலில் குறி கேட்பதற்கு நாடெங்கும் இருந்து மக்கள் வருவார்கள்.

சாக்ரடீசைவிட அறிவாளி யாராவது உண்டா என்று கெரிபோன் கேட்டார். இல்லை என்று வாக்கு வந்தது.

இதைக் கேட்டுச் சாக்ரடீஸ் மகிழவில்லை. திகைத்தார். தமக்கு ஒன்றும் தெரியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெய்வமோ பொய் சொல்லாது. அப்படியானால் இந்த வாக்குக்கு என்ன பொருள்?

தம்மைவிட அறிவாளி ஒருவரைக் கண்டுபிடித்துக் காட்டவேண்டும் என்று புறப்பட்டார்.

முதலில் அரசியல்வாதி ஒருவரிடம் போனார். அவர் எல்லாம் தெரிந்தவர்போல் பேசினார். நாலு கேள்வி கேட்டதும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது வெளியாயிற்று.

அடுத்துக் கவிஞர்களிடம் போனார். தாங்கள் எழுதிய பாட்டுக்கே அவர்களால் பொருள் சொல்ல முடியவில்லை.

கடைசியாகக் கைத்தொழில் செய்பவர்களிடம் போனார். அவர்கள் தங்கள் தொழிலை நன்றாக அறிந்திருந்தார்கள். ஆனால் அது ஒன்று தெரிந்ததாலேயே உலகத்தில் உள்ள எல்லாம் தெரியும் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

சாக்ரடீசுக்கு வாக்கின் பொருள் விளங்கியது. மற்றவர்களுக்குத் தெரியாது, ஆனால் தெரியும் என்று நினைக்கிறார்கள். அவருக்கும் தெரியாது, ஆனால் தெரியாது என்பதை அறிந்திருக்கிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

அன்றுமுதல், மனிதர்களைக் கேள்வி கேட்டுச் சோதிப்பது தெய்வம் தமக்கு இட்ட வேலை என்று அவர் நம்பினார்.

வீரம் என்றால் என்ன?

அவர் எப்படிக் கேள்வி கேட்பார் என்பதற்கு ஓர் உதாரணம்.

லாக்கிஸ் என்று ஒரு தளபதி. டீலியம் போரில் சாக்ரடீசோடு இருந்தவர். அவரிடம், வீரம் என்றால் என்ன என்று சாக்ரடீஸ் கேட்டார்.

இது என்ன பெரிய கேள்வி என்று தளபதி நினைத்தார். போர்க்களத்தில் நின்ற இடத்தைவிட்டு ஓடாமல் எதிரியோடு போரிடுவதுதான் வீரம் என்றார்.

சில படைகள் ஓடுவதுபோல் பின்வாங்கி, திரும்பித் தாக்கி வெற்றி பெறுகின்றனவே, அவர்கள் வீரர்கள் இல்லையா என்று சாக்ரடீஸ் கேட்டார். தளபதி யோசித்தார்.

கடலில் புயலைக் கண்டு கலங்காதவர், நோயைத் தாங்குகிறவர், வறுமைக்கு அஞ்சாதவர், ஆசையை அடக்குகிறவர் ஆகியோரின் வீரத்தை என்னவென்று சொல்வது என்று அவர் மேலும் கேட்டார்.

தளபதி திணறிப்போனார். வாழ்நாள் எல்லாம் வீரத்தோடு இருந்தவருக்கு, வீரம் என்றால் என்ன என்று சொல்லத் தெரியவில்லை!

லாக்கிஸ் நல்லவர். சாக்ரடீசின்மேல் கோபம் கொள்ளவில்லை. எல்லோரும் அப்படி இருப்பார்களா? நாலு பேர் நடுவில் தலைகுனிந்த பெரிய மனிதர்கள் மனதில் பகை வளர்ந்தது.

சாக்ரடீசைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்த வாலிபர்களுக்கோ ஒரே உற்சாகம். அவர்களும் வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களைக் கேள்வி கேட்டார்கள். பையன்களைக் கெடுப்பவர் சாக்ரடீஸ்தான் என்று ஊரில் பேச்சுக் கிளம்பியது.

கி.மு. 423இல் அரிஸ்டாபனிஸ் என்ற நாடக ஆசிரியர் மேகங்கள் என்ற நாடகத்தை மேடை ஏற்றினார். அதில் சாக்ரடீஸ் ஒரு கூடையில் தொங்கிக்கொண்டு வானத்தை ஆராய்வதுபோல் காட்டி, மக்களைச் சிரிக்கவைத்தார். அந்தக் கேலி மக்கள் மனதில் நெடுநாள் தங்கிவிட்டது.

இரண்டு சோதனைகள்

கி.மு. 431 முதல் 404 வரை ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையே பெரும் போர் நடந்தது.

கி.மு. 406இல் ஒரு கடற்போரில் ஏதென்ஸ் வெற்றி பெற்றது. ஆனால் புயல் வந்துவிட்டதால், உடைந்த கப்பல்களில் தத்தளித்த வீரர்களைத் தளபதிகளால் மீட்க முடியவில்லை. மக்கள் கொதித்தார்கள். எட்டுத் தளபதிகளையும் சேர்த்து ஒரே ஓட்டில் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று கூச்சல் போட்டார்கள்.

ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்கவேண்டும் என்பது சட்டம். அன்று சபையை நடத்தும் குழுவில் சாக்ரடீசும் இருந்தார். சட்டத்துக்கு விரோதமாக ஓட்டு எடுக்க முடியாது என்று அவர் மறுத்தார். கூட்டம் மிரட்டியது. அவர் அசையவில்லை. ஆனாலும் மக்கள் தங்கள் எண்ணப்படியே செய்தார்கள். கையில் அகப்பட்ட ஆறு தளபதிகள் கொல்லப்பட்டார்கள். பிறகு அதே மக்கள் அதை நினைத்து வருந்தினார்கள்.

கி.மு. 404இல் ஏதென்ஸ் தோற்றது. நகரத்தின் நீண்ட மதில்கள் இடிக்கப்பட்டன. ஸ்பார்ட்டாவின் ஆதரவோடு முப்பது சர்வாதிகாரிகள் ஆட்சிக்கு வந்தார்கள். சில மாதங்களில் சுமார் 1,500 பேரை அவர்கள் கொன்றார்கள்.

அவர்கள் சாக்ரடீசையும் வேறு நால்வரையும் அழைத்தார்கள். லியோன் என்ற நிரபராதியைச் சலாமிஸ் தீவில் இருந்து பிடித்து வரும்படி உத்தரவிட்டார்கள். மற்ற நால்வரும் போய்ப் பிடித்து வந்தார்கள். சாக்ரடீஸ் நேரே தம் வீட்டுக்குப் போய்விட்டார்! முப்பதின்மர் ஆட்சி விரைவில் கவிழ்ந்திராவிட்டால் அப்போதே அவர் தலை போயிருக்கும்.

மக்கள் கூட்டம் மிரட்டினாலும் சரி, சர்வாதிகாரி மிரட்டினாலும் சரி, அநியாயத்துக்கு அவர் துணை போகவில்லை.

மூவர் தொடுத்த வழக்கு

கி.மு. 403இல் மக்களாட்சி திரும்பி வந்தது. பழைய பகையை எல்லாம் மறந்துவிடவேண்டும், நடந்துபோன அரசியல் குற்றங்களுக்காக யார்மேலும் வழக்குப் போடக்கூடாது என்று முடிவு செய்தார்கள்.

ஆனால் மனம் மறக்குமா? முப்பது சர்வாதிகாரிகளின் தலைவனான கிரிட்டியாஸ், ஒரு காலத்தில் சாக்ரடீசோடு பழகியவன். போர்க்காலத்தில் ஸ்பார்ட்டாவோடு சேர்ந்துகொண்டு ஏதென்சுக்குத் துரோகம் செய்தவன் ஆல்சிபியாடிஸ். பொட்டிடியாவில் சாக்ரடீஸ் காப்பாற்றிய அதே வாலிபன்!

சொந்தங்களைப் பறிகொடுத்த மக்கள், இந்த இருவரையும் கெடுத்தவர் யார் என்று கேட்டார்கள். விரல்கள் சாக்ரடீசை நோக்கி நீண்டன.

வழக்குத் தொடர்ந்தவர்கள் மூவர். மெலிட்டஸ் என்ற இளைஞர் முன்னால் நின்றார். அவர் பின்னால் இருந்தவர் அனிட்டஸ். தோல் தொழிலில் பணக்காரர். மக்களாட்சியைத் திரும்பக் கொண்டுவந்த தலைவர்களில் ஒருவர். மூன்றாமவர் லைக்கோன் என்ற பேச்சாளர்.

நகரத்தின் தெய்வங்களைச் சாக்ரடீஸ் ஏற்கவில்லை, புதிய தெய்வங்களைப் புகுத்துகிறார், வாலிபர்களைக் கெடுக்கிறார். இவைதான் குற்றச்சாட்டுகள். கேட்ட தண்டனை மரணம்.

தவறான காரியத்தில் இறங்கும்போது தம்மைத் தடுக்கும் ஒரு தெய்வக் குரல் தமக்குள் கேட்பதாகச் சாக்ரடீஸ் அடிக்கடி சொல்லுவார். அதைத்தான் புதிய தெய்வம் என்று எதிரிகள் பிடித்துக்கொண்டார்கள்.

வழக்கு வருமுன் அவர் ஊரைவிட்டுப் போயிருந்தால் எதிரிகள் அத்தோடு விட்டிருப்பார்கள். அவர் போகவில்லை.

லிசியாஸ் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர், கோர்ட்டில் பேசுவதற்கு ஓர் அருமையான பேச்சை எழுதிக் கொடுத்தார் என்பார்கள். பேச்சு நன்றாக இருக்கிறது, ஆனால் அழகான செருப்புப்போல் அது தமக்குப் பொருந்தாது என்று செருப்புப் போடாத அந்தக் கிழவர் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார்!

500 நீதிபதிகள்

ஏதென்ஸ் கோர்ட்டு விந்தையானது. அங்கே சட்டம் படித்த நீதிபதி கிடையாது. 30 வயதுக்கு மேற்பட்ட ஆண் குடிமக்களில் இருந்து சீட்டுக் குலுக்கி நீதிபதிகளை எடுப்பார்கள். சாக்ரடீஸ் வழக்கில் சுமார் 500 நீதிபதிகள்! உழவர், தச்சர், வியாபாரி, மாலுமி எல்லாரும் இருப்பார்கள். நாள் ஒன்றுக்கு மூன்று ஓபல் படி. அது ஒரு தொழிலாளியின் அரை நாள் கூலி.

வக்கீலும் கிடையாது. வழக்காடுபவர் தாமே பேசவேண்டும். ஒரு மண் பானையில் தண்ணீர் ஊற்றி, அடியில் உள்ள துளை வழியாக ஒழுகவிடுவார்கள். தண்ணீர் தீர்ந்தால் பேச்சு முடிந்தது. வழக்கு முழுவதும் ஒரே நாளில் முடிந்துவிடும். அப்பீல் இல்லை.

முதலில் எதிரிகள் பேசினார்கள். பிறகு சாக்ரடீஸ் எழுந்தார்.

அங்கேயும் அவர் தம் வழக்கத்தை விடவில்லை. மெலிட்டசைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்!

வாலிபர்களை நல்லவர்கள் ஆக்குபவர் யார் என்று கேட்டார். நீதிபதிகள் என்றார் மெலிட்டஸ். எல்லா நீதிபதிகளுமா? ஆம். இங்கே கேட்டுக்கொண்டிருக்கும் மக்கள்? அவர்களும்தான். சபை உறுப்பினர்கள்? அவர்களும்தான்.

அப்படியானால் ஏதென்சில் எல்லாரும் வாலிபர்களைத் திருத்துகிறார்கள், ஒரே ஒரு சாக்ரடீஸ்தான் கெடுக்கிறார் என்று ஆகிறதே! குதிரை விஷயத்தில் அப்படியா நடக்கிறது? பழக்கத் தெரிந்தவர் ஒருவர் அல்லது சிலர்தான். மற்றவர்கள் கெடுத்துவிடுவார்கள் அல்லவா? இதற்கு மெலிட்டசிடம் பதில் இல்லை.

அடுத்த கேள்வி. சாக்ரடீசுக்குத் தெய்வ நம்பிக்கையே இல்லை என்று மெலிட்டஸ் அடித்துப் பேசினார். தெய்வமே இல்லை என்பவர் புதிய தெய்வத்தைப் புகுத்துவது எப்படி என்று சாக்ரடீஸ் மடக்கினார்.

வாதத்தில் அவர் வென்றார். ஆனால் நீதிபதிகளின் மனதை வெல்லும் வழி அது அல்லவே!

கண்ணீர் இல்லை

நீதிபதிகளின் மனதை இளக்குவதற்கு ஏதென்சில் ஒரு வழக்கம் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பிள்ளை குட்டிகளைக் கோர்ட்டுக்கு அழைத்து வருவார்கள். குழந்தைகள் அழும். உறவினர்கள் கெஞ்சுவார்கள். நீதிபதிகள் இரங்குவார்கள்.

சாக்ரடீசுக்கும் மூன்று பிள்ளைகள். ஒருவன் வாலிபன். மற்ற இருவரும் சிறுவர்கள். அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் பல கண்கள் கலங்கியிருக்கும்.

அவர் செய்யவில்லை. தமக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதைச் சொன்னார். அவர்களை அழவைத்து விடுதலை கேட்கமாட்டேன் என்பதையும் சொன்னார். நீதிபதி சட்டப்படி தீர்ப்புச் சொல்வதாகச் சத்தியம் செய்தவர். கண்ணீரைக் காட்டி அந்தச் சத்தியத்தை மீறச் செய்வது பாவம் என்பது அவர் எண்ணம்.

இனிமேல் கேள்வி கேட்பதில்லை என்று வாக்குக் கொடுத்தால் விட்டுவிடுவார்களோ? அந்த வழியையும் அவரே அடைத்துவிட்டார். மூச்சு உள்ளவரை இந்த வேலையை விடமாட்டேன் என்று அறிவித்தார். போர்க்களத்தில் தளபதி நிறுத்திய இடத்தைவிட்டு நகராதவர், தெய்வம் நிறுத்திய இடத்தைவிட்டு ஓடலாமா என்பது அவர் கேள்வி.

ஏதென்ஸ் நகரத்தை ஒரு பெரிய குதிரைக்கு ஒப்பிட்டார். உயர்ந்த குதிரைதான். ஆனால் உடல் பருத்துத் தூங்கி வழிகிறது. அதைக் கடித்து எழுப்பும் ஈயாகத் தெய்வம் தம்மை அனுப்பியிருப்பதாகச் சொன்னார். தூக்கம் கலைந்த குதிரை எரிச்சலில் ஈயை அடித்துக் கொன்றுவிடலாம். பிறகு வாழ்நாள் எல்லாம் தூங்கலாம்.

கோர்ட்டில் கூச்சல் எழுந்தது.

தீர்ப்பு

ஓட்டு எடுத்தார்கள்.

குற்றவாளி என்று சுமார் 280 பேர். குற்றவாளி இல்லை என்று சுமார் 220 பேர்.

இன்னும் 30 பேர் மாறி ஓட்டுப் போட்டிருந்தால் சமம் ஆகியிருக்கும். சமமாக வந்தால் விடுதலை என்பது ஏதென்சின் சட்டம். இத்தனை பேர் தம் பக்கம் இருந்ததே சாக்ரடீசுக்கு ஆச்சரியமாக இருந்தது!

அடுத்து, தண்டனை. எதிரிகள் மரணம் கேட்டார்கள். வேறு என்ன தண்டனை தரலாம் என்று குற்றவாளி சொல்லலாம். இரண்டில் ஒன்றை நீதிபதிகள் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நாடு கடத்தும்படி கேட்டிருந்தால் நீதிபதிகள் ஒப்புக்கொண்டிருப்பார்கள். சாக்ரடீஸ் அதைக் கேட்கவில்லை. சொந்த ஊரே தாங்காத கேள்விகளை வெளியூர் தாங்குமா? எங்கே போனாலும் வாலிபர்கள் சூழ்ந்துகொள்வார்கள். மறுபடியும் துரத்துவார்கள். ஊர் ஊராக ஓடும் வாழ்வு இந்த வயதில் எதற்கு என்றார்.

பிறகு அவர் சொன்னதைக் கேட்டு எல்லோரும் திகைத்தார்கள். தமக்குத் தகுந்தது நகர மண்டபத்தில் இலவசச் சாப்பாடுதான் என்றார்! ஒலிம்பிக் பந்தயத்தில் வென்றவர்களுக்கு ஏதென்ஸ் அளித்த மரியாதை அது.

கடைசியில், தம்மால் ஒரு மினா அபராதம் கட்ட முடியும் என்றார். அது ஒரு தொழிலாளியின் 100 நாள் கூலி. உடனே நண்பர்களான பிளேட்டோ, கிரிட்டோ முதலியவர்கள் 30 மினாவுக்கு ஜாமீன் நின்றார்கள். அபராதம் 30 மினா என்று அவர் திருத்திச் சொன்னார்.

நேரம் கடந்துவிட்டது. நீதிபதிகள் கொதித்துப்போயிருந்தார்கள். மீண்டும் ஓட்டு எடுத்தார்கள். மரண தண்டனை!

சாக்ரடீஸ் கலங்கவில்லை. தமக்கு ஓட்டுப் போட்டவர்களோடு சிறிது நேரம் அமைதியாகப் பேசிக்கொண்டிருந்தார். சாவு என்பது ஒன்று கனவில்லாத தூக்கம். அல்லது முன்னோர்கள் வாழும் வேறு உலகத்துக்குப் பயணம். இரண்டில் எதுவானாலும் நல்லதுதான் என்றார்.

பிள்ளைகளுக்காக அவர் அன்று ஒரே ஒரு வேண்டுகோள் விடுத்தார். பிள்ளைகள் பெரியவர்கள் ஆனபின், ஒழுக்கத்தைவிடப் பணத்தைப் பெரிதாக நினைத்தால், தாம் ஊராரைக் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்ததுபோல் ஊரார் அவர்களைத் தொந்தரவு செய்யவேண்டும். தம்மைக் கொல்லச் சொன்னவர்களிடம் அவர் கேட்ட உதவி அதுதான்!

திறந்த கதவு

தண்டனை உடனே நிறைவேறவில்லை.

ஆண்டுதோறும் டெலோஸ் என்ற புண்ணியத் தீவுக்கு ஏதென்சில் இருந்து ஒரு கப்பல் போகும். அது திரும்பும்வரை நகரத்தில் யாரையும் கொல்லக்கூடாது. வழக்குக்கு முதல் நாள்தான் அந்தக் கப்பலுக்கு மாலை சூட்டியிருந்தார்கள். காற்று எதிராக வீசினால் பயணம் நீளும். சாக்ரடீஸ் ஒரு மாதம் சிறையில் இருந்தார்.

நண்பர்கள் தினமும் வந்தார்கள். பழையபடி பேச்சு நடந்தது. ஈசாப் கதைகளைச் சாக்ரடீஸ் பாட்டாக எழுதிப் பார்த்தார்.

ஒரு நாள் விடியுமுன் கிரிட்டோ வந்தார். சிறு வயது முதல் கூடப் பழகிய நண்பர். சாக்ரடீஸ் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வராமல் கிரிட்டோ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

கண் விழித்ததும் விஷயத்தைச் சொன்னார். கப்பல் நெருங்கிவிட்டது. பணம் தயார். ஆட்கள் தயார். தெசாலி நாட்டில் இருக்க இடமும் தயார். இன்று இரவே தப்பிவிடலாம். பிள்ளைகளை அநாதை ஆக்கிவிட்டுச் சாவது சரியா என்றும் கேட்டார். அந்தக் கேள்வி சுருக்கென்று தைக்கக்கூடியது.

சாக்ரடீஸ் சினம் கொள்ளவில்லை. இருவரும் சேர்ந்து யோசிக்கலாம் என்றார்.

இத்தனை காலம் இந்த நகரத்தின் சட்டத்துக்குள் வாழ்ந்தார். அந்தச் சட்டப்படி அவர் தந்தையும் தாயும் மணம் செய்துகொண்டார்கள். அந்தச் சட்டம் அவரை வளர்த்தது. பிடிக்காவிட்டால் வேறு ஊருக்குப் போக உரிமை இருந்தது. போருக்குப் போனதைத் தவிர அவர் ஏதென்சைவிட்டு வெளியே போனதே அரிது. இன்று தீர்ப்புப் பாதகமாக வந்தது என்பதற்காகத் திருட்டுத்தனமாக ஓடினால், பெற்ற தாய் தந்தையை அடித்ததுபோல் ஆகாதா? பிறர் தமக்குத் தீங்கு செய்தார்கள் என்பதற்காகத் தாமும் தீங்கு செய்யலாமா?

கிரிட்டோவுக்கு மறுமொழி கிடைக்கவில்லை. கதவு திறந்திருந்தும் சாக்ரடீஸ் உள்ளேயே இருந்தார்.

கடைசி நாள்

கப்பல் வந்துவிட்டது.

அன்று காலை நண்பர்கள் சிறைக்குப் போனபோது சாந்திப்பி அங்கே இருந்தாள். கையில் சின்னப் பிள்ளை. கணவர் நண்பர்களோடு பேசப்போவது இதுதான் கடைசித் தடவை என்று சொல்லிக் கதறினாள். அந்த நேரத்திலும் அவள் தனக்காக அழவில்லை. கிரிட்டோவின் ஆட்கள் அவளை வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள்.

பகல் முழுவதும் உயிரைப்பற்றிப் பேச்சு நடந்தது. மாலையில் சாக்ரடீஸ் குளித்தார். இறந்தபின் தம் உடலைக் குளிப்பாட்டும் வேலை பெண்களுக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே தாமே குளித்துவிட்டார்! பிறகு மனைவி மக்களோடு பேசி அவர்களை அனுப்பிவைத்தார்.

சிறைக் காவலன் வந்தான். இத்தனை நல்ல மனிதரைத் தான் கண்டதில்லை என்று சொல்லி அழுதுகொண்டே திரும்பிப் போனான்.

பொழுது இன்னும் சாயவில்லை, மலைமேல் வெயில் இருக்கிறது, அவசரம் வேண்டாம் என்று கிரிட்டோ தடுத்துப் பார்த்தார். சிறிது நேரம் உயிரைப் பிடித்து வைத்திருப்பதில் என்ன லாபம் என்று சொல்லிச் சாக்ரடீஸ் கோப்பையைக் கொண்டுவரச் சொன்னார்.

ஹெம்லாக் என்ற நச்சுச் செடியை அரைத்துக் கலக்கிய பானம் அது. கை நடுங்காமல், முகம் மாறாமல், ஒரே மூச்சில் குடித்தார்.

நண்பர்கள் விம்மி அழுதார்கள். இந்த அழுகை வேண்டாம் என்றுதான் பெண்களை அனுப்பினேன் என்று அவர் கடிந்துகொண்டார். அவர்கள் வெட்கி அடங்கினார்கள்.

அவர் உலாவினார். கால்கள் கனத்தன. படுத்துக்கொண்டார். பாதத்தில் இருந்து மரத்துக்கொண்டே மேலே வந்தது. முகத்தை மூடிக்கொண்டார்.

திடீரென்று முகத்தைத் திறந்தார். நோய் தீர்க்கும் தெய்வமான ஆஸ்கிளிப்பியசுக்கு ஒரு சேவல் செலுத்த வேண்டியிருக்கிறது, மறக்காமல் கொடுத்துவிடு என்று கிரிட்டோவிடம் சொன்னார். அதுவே கடைசிப் பேச்சு. தெய்வத்தை ஏற்கவில்லை என்று தண்டிக்கப்பட்டவர், சாகும்போது தெய்வத்துக்கான கடனை நினைத்தார்!

கிரிட்டோ அவர் கண்களை மூடினார்.

பெயர் யாருடையது?

சாக்ரடீஸ் ஒரு புத்தகம்கூட எழுதவில்லை. அவரைப்பற்றி எழுதியவர்கள் பிளேட்டோ, செனபோன் முதலிய நண்பர்கள்தான்.

வழக்கு நடந்தபோது பிளேட்டோ முப்பது வயதுகூட நிரம்பாத வாலிபர். சாக்ரடீஸ் இறந்த நாளில் அவர் நோயுற்றிருந்ததால் சிறைக்குப் போக முடியவில்லை. பிறகு வாழ்நாள் முழுவதும் அவர் எழுதிய நூல்களில் சாக்ரடீஸ் பேசிக்கொண்டே இருக்கிறார். கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார். பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில். அரிஸ்டாட்டிலிடம் பாடம் கேட்டவர் மகா அலெக்சாண்டர்.

வழக்குப் பதிவான மண்டபத்தின் அடித்தளம் 1970இல் ஏதென்ஸ் கடைத்தெருப் பகுதியில் தோண்டி எடுக்கப்பட்டது. உலகம் எங்கும் இருந்து மக்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

அன்று 30 பேர் மட்டும் மனம் மாறியிருந்தால் கிழவர் வீட்டுக்குப் போயிருப்பார். மறுநாள் காலையில் வெறுங்காலோடு கடைத்தெருவுக்கு வந்து, அந்த 30 பேரையும் கேள்வி கேட்டிருப்பார்!

தீர்ப்புச் சொன்ன 280 பேரில் ஒருவர் பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது. மெலிட்டசின் பெயரும், அனிட்டசின் பெயரும் நமக்குத் தெரிவது, அவர்கள் சாக்ரடீஸ்மேல் வழக்குப் போட்டார்கள் என்பதனால்தான்.